நாட்றாம்பாளையத்தில் எழுதிய நான்கு பக்கம்

நாட்றாம்பாளையத்துக்கு எப்படிப் போவது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபத்தில் கிளம்பிப் போனேன். பஸ் விவரம் சொல்கிறேன்; கோபத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

அப்போது ஓசூரில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் பயிற்சித் தொழிலாளி. ஊர் விருதுநகர். வாடகை அறையில் என்னோடு இருந்தவர் கௌதமி அக்கா, நர்ஸ், கோலார் தங்கவயல்காரர். அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தர்கள். புத்தர் உரைகளைத் தமிழில் அச்சிட்ட பழைய புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். ஒரு வரியைப் படித்து, கண்ணை மூடி மனதில் நிறுத்தி, பிறகு எழுத வேண்டும். மனம் எங்காவது ஓடினால் வரி கோணிக்கொண்டு மேலே ஏறும். மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்சம் இருபது நிமிடம் கேன்டீனில் எழுதுவேன். காலையிலிருந்து ட்வீசர் பிடித்து நடுங்கும் விரல் அப்போதுதான் அடங்கும். ஏழு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடிந்தது. அக்காவுக்கு நாட்றாம்பாளையத்துக்கு மாற்றலான பிறகு, எழுதிய பக்கங்களின் ஓரத்தில் பூவும் கொடியும் வரைந்துகொண்டிருந்தேன்.

தப்பு என்மேலும் உண்டு. கம்பெனியில் கழித்துப் போட்ட இன்ஸ்பெக்‌ஷன் தாள்களின் பின்பக்கத்தில்தான் அத்தனையும் எழுதியிருந்தேன். குப்பைக்குப் போகிற தாள்தானே என்ற நினைப்பு. ஒரு நாள் கேட்டில் பையைச் சோதித்தபோது அந்தத் தாள்கட்டு சிக்கியது. கம்பெனி ரகசியத்தைக் கடத்துகிறேன் என்று சந்தேகப்பட்டார்கள். செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார். கம்பெனித் தாளை எடுத்தது தவறு என்பது முதல் வரி. இனி இப்படி எதையும் எழுத மாட்டேன் என்பது இரண்டாவது. திங்கட்கிழமைக்குள் தந்தால் கட்டும் திரும்பக் கிடைக்கும், வேலையும் நிரந்தரமாகும். முதல் வரியை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவதை எழுதவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓசூரில் பஸ் ஏறினேன். பையில் இருநூறு பக்க நோட்டு, சொந்தக் காசில் வாங்கியது. கெலமங்கலத்தில் தக்காளிக் கூடை ஏற்ற இருபது நிமிடம் நின்றார்கள். தேன்கனிக்கோட்டை வரை டிக்கெட் மூன்று ரூபாய். அங்கே பஸ் மாறி, காட்டுப் பாதையில் அஞ்செட்டி. பிறகு இன்னொரு பஸ். கடைசி பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் கேட்டார், நான் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார். யாரைப் பார்க்க என்றார். நர்ஸை என்றேன்.

“ஒடம்பு செரியில்லீங்களா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. இறங்கும்போது மணி பத்து ஐம்பது. திரும்பும் பஸ் மூன்றரைக்கு.

அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் கம்பெனியைத் திட்டினார், அப்புறம் என்னை.

“ஒரு வரிதானே, எழுதிக் குட்த்துட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே?”

“எழுதுனா அது பொய்யில்லக்கா? அந்தக் கையாலதான இதையும் எழுதணும்.”

அவர் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். புது நோட்டின் முதல் பக்கத்தில் என் வரிகள் கண்டபடி ஏறின. மூன்றாம் பக்கத்தில் நேராகிவிட்டன. கோபம் போகவில்லை, கை அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். மூன்றே கால் மணிக்கு எண்ணிப் பார்த்தால் நான்கே பக்கம். இன்னும் நூற்றெட்டு. அழுகை வந்தது, அழுதேன். அக்கா புத்தகத்தை என் பையில் வைத்து, முடித்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

திங்கள் காலை ஆபீசர் இரண்டாவது வரியைக் கேட்டார். எழுத மாட்டேன் என்று சொல்லி, நோட்டையும் கடை பில்லையும் மேசைமேல் வைத்தேன். சொந்தச் சாமானை உள்ளே கொண்டுபோனால் காலையில் பதிவேட்டில் எழுதி, மாலையில் சரிபார்த்து எடுத்துவர வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதிதான். கொண்டுபோகக் கூடாது என்று எங்கும் இல்லை. அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்: புத்தர் நோட்டு ஒன்று, நான்கு பக்கம். அன்று முதல் மாலைதோறும் அவரே பக்கத்தை எண்ணி எழுத வேண்டியதாயிற்று.

என் வேலை நிரந்தரமாக ஒரு வருடம் தள்ளிப்போனது. அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பழைய கட்டு திரும்ப வரவில்லை.

போகிறவர்களுக்கு: காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை அஞ்செட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன நேரமும் டிக்கெட்டும் அந்தக் காலத்தவை. தண்ணீர் கொண்டுபோங்கள். எழுதப் போவதாக இருந்தால் தாள் உங்களுடையதாக இருக்கட்டும், பில்லைத் தொலைக்காதீர்கள்.

எழுதி முடித்த நாள் மாலை, ஆபீசர் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். “முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டார். உண்மையாகவே நிம்மதியோடு கேட்டார். நான் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, பில்லோடு மேசைமேல் வைத்தேன்.

“நாளைக்கு முதல்ல இருந்து சார்.”