பன்னிரண்டாவது கடல்பசு

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தீவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவருக்கு ஊர் கொடுத்த பட்டம் ‘நிதானம்’. பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான திட்டு. அக்கரைப் படகுத்துறையில் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீவுக்கு வந்துவிடலாம். இவர் ஒன்றரை மணி நேரம் ஆக்குவார். நடுவழியில் ஆழம் குறைந்த ஓர் இடம் உண்டு. அடியில் பாய் விரித்த மாதிரி கடல்புல். அதில் கடல்பசுக்கள் மேயும் என்று அங்கே இன்ஜினைப் பாதியாகக் குறைத்துவிடுவார். இந்தப் பக்கம் வெயிலில் கேன்களோடு வரிசையில் நிற்கிற பெண்கள், “வந்துட்டார்டி நிதானம்” என்று பல்லைக் கடிப்பார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகப் பல்லைக் கடித்தது அவர் மனைவிதான். ஊருக்கெல்லாம் ஊற்றி முடித்த பிறகு, தொட்டியின் அடியில் துருவோடு நிற்கிற கடைசித் தண்ணீர்தான் அவர் வீட்டுக்கு வரும். “தண்ணிப் படகுக்காரர் பொண்டாட்டின்னுதான் பேரு, தலைக்கு ஊத்திக்க ஒரு வாளி கிடையாது” என்று அந்த அம்மா சொல்லாத நாள் இல்லை. தன்னுடைய கறுப்புக் கேன்களை வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு பெயின்டால் வளையம் போட்டு வைத்திருந்தார். கேன் விஷயத்தில் அவர் யாரையும் நம்பியது கிடையாது, கட்டிய புருஷன் உட்பட.

இன்ஜினைக் குறைப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. படகு வாங்கிய முதல் வருஷம், அதே இடத்தில் முழு வேகத்தில் வந்தபோது அடியில் எதுவோ தட்டியது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர் சிவந்திருந்தது. தாய்ப் பசு. அதன் குட்டி மட்டும் மூச்சுவிட மேலே வந்து வந்து போனது. அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார், வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புல்லைத் தாண்டும்போதெல்லாம் கை தானாக இன்ஜினைக் குறைத்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் குழாய் வந்தது. அக்கரையிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டுத் தீவுக்குத் தண்ணீர். ஊரே கொண்டாடியது. கடலுக்குக் கெடுதல் வராமல் வேலை நடக்கவேண்டும் என்று அரசாங்கம் கட்டுக்கட்டாக நிபந்தனைகள் போட்டது. மண் கலங்கினால் பரவாமல் இருக்கச் சுற்றிலும் திரை கட்டவேண்டும். புல்மேல் நங்கூரம் போடக் கூடாது. கடல்பசு அருகில் வந்தால் யாராவது பார்த்து விசில் அடிக்கவேண்டும், அடித்தால் அரை மணி நேரம் எந்திரத்தை நிறுத்தவேண்டும். கடல்பசுவைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லக்கூடிய ஆள் யார் என்று கம்பெனி தேடியது. ஊரே ஒரே ஆளைக் கை காட்டியது.

ஆக, குழாய் வந்தால் பிழைப்பு போகிற ஒரே மனிதரைத் தேடிப் பிடித்து, குழாய் வேலையை நிறுத்துகிற விசிலை அவர் கழுத்திலேயே மாட்டினார்கள். கம்பெனியின் மூளையை என்னவென்று சொல்ல. வேலை நடக்கிற மிதவையின் மேல்தட்டில் அவருக்கு உயரமான நாற்காலி, ஆரஞ்சு சட்டை, தூரக்கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். தண்ணீர்ப் படகை அவருடைய மச்சினர் ஓட்டினார்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அந்தப் புல்லில் கடல்பசு மேய்வது உறுதியானால், குழாய் புல்லைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகக் கூடாது, வளைந்து சுற்றிக்கொண்டு போகவேண்டும். ‘உறுதி’ என்றால் விசில்காரரைத் தவிர இன்னொருவரும் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். நிதானத்துக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தப் புல் பிழைத்துக்கொண்டால் போதும் என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

கடல்பசு நாம் பார்க்கவேண்டும் என்று நின்று போஸ் கொடுக்காது. இரண்டு மூக்குத் துவாரம் மட்டும் மேலே வரும். ஒரு மூச்சு. போய்விடும். முதல் நாளே அவர் பார்த்தார், விசில் அடித்தார். கண்காணிப்பு அதிகாரியாக வந்திருந்த பெண், எப்போதும் கையில் தடி நோட்டு வைத்திருப்பார், அதனால் ‘நோட்டு மேடம்’, ஓடிவந்து எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது. கம்பெனி இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நோட்டில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று ஏறியது. இரண்டு மாதத்தில் இப்படிப் பதினொரு விசில், பதினொரு ‘உறுதி செய்யப்படவில்லை’.

“பெரியவரே, உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியுமா அது?” என்று இன்ஜினியர் ஒரு நாள் கேட்டார்.

“நீங்க போனை வச்சுட்டுப் பாத்தா உங்களுக்கும் தெரியும் சார்.”

“எனக்கு ஒண்ணுதான் தெரியுது. குழாய் லேட்டானா உங்க படகு ஓடும்.”

அவருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தீவிலும் அதே பேச்சுதான். இன்னும் சில வாரத்தில் காற்று திரும்பிவிடும், அதற்குள் குழாய் இறங்காவிட்டால் அடுத்த வருஷம்தான், மனுஷன் விசிலை ஊதி ஊதியே நம் வாயில் மண்ணைப் போடப் பார்க்கிறார் என்று தண்ணீர் வரிசையில் அவர் காதுபடவே பேசினார்கள்.

ஊர் பேசியதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு நாள் வீட்டில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மனைவி மெதுவாகக் கேட்டார். “ஏங்க, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நெஜமாவே பாக்கறீங்களா?”

“நெஜமாத்தான்.”

“சரி” என்றார் அந்த அம்மா. நம்பாதபோது சொல்கிற ‘சரி’ அது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அதுகூடவா தெரியாது.

அந்த வாரமே படகை விற்றார். கருவாட்டு வியாபாரி ஒருவர் வாங்கித் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். குழாய் முடிகிறவரை கம்பெனிப் படகே தீவுக்குத் தண்ணீர் கொடுக்கும் என்று ஏற்பாடாயிற்று. மச்சினர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி விசில் அடித்தால் தனக்கு ஒரு லாபமும் இல்லை, இனியாவது நம்புவார்கள் என்று நிதானம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படகு போனதும் கடல்பசுவும் போய்விட்டது. ஒன்பது நாள் ஒரு மூக்குகூட மேலே வரவில்லை. “பாத்தீங்களா, படகை வித்தாரு, கடல்பசு நின்னுபோச்சு” என்று ஊர் சிரித்தது. யோசித்துப் பார்த்தால் ஊர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. பள்ளம் தோண்டுகிற எந்திரம் புல்லின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் புல்லில் இறங்கிவிடும். நிதானம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலோ வேறு கச்சேரி. கம்பெனிப் படகுக்காகத் துறை ஓரத்தில் வரிசையில் வைத்த கேன் ஒன்று காணாமல் போனதென்று மனைவி பக்கத்து வீட்டு அம்மாவோடு மூன்று நாளாகச் சண்டை.

பத்தாவது நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். வெள்ளைத் தொப்பி, புது ஷூ. “கடல்பசுன்னு சொல்றாங்களே, இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒண்ணாவது காட்டுங்க” என்று சிரித்தார். இன்ஜினியரும் சிரித்தார், மேலதிகாரி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

அப்போது புல்லின் மேலே, வெயில் பளபளக்கிற இடத்தில், கறுப்பாக ஒன்று எழும்பியது. அமுங்கியது. மறுபடி எழும்பியது. நிதானம் விசிலை ஊதிவிட்டார். எந்திரம் நின்றது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது.

கடல்பசுவுக்குக் கைப்பிடி கிடையாது.

“சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

“தெரியுது, தெரியுது” என்றார் பெரிய அதிகாரி, கையை நெற்றிக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு. “அடடா, என்ன அழகு. பக்கத்துல குட்டியும் இருக்கே. பாத்தீங்களா இன்ஜினியர்?”

இன்ஜினியர் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மறுபடி அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். “பாத்தேன் சார். வலது பக்கம். குட்டிதான் சார்.”

நோட்டு மேடம் வழக்கம்போல ஒரு மூச்சு தாமதமாக வந்தார். அலையில் அது நகர்ந்து வெயிலுக்குள் மறைந்திருந்தது. நோட்டைத் திறந்துகொண்டு நிதானத்திடம் கேட்டார். “நீங்க சொல்லுங்க. குட்டியைப் பாத்தீங்களா?”

அவர் தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். “குட்டியை நான் பாக்கல மேடம்.”

“இல்லாததைச் சொல்ல மாட்டேங்கறார் பாருங்க” என்று பெரிய அதிகாரி அவர் தோளைத் தட்டினார். “இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்.”

நோட்டில் ஏறியது: தாய் ஒன்று, குட்டி ஒன்று, பார்த்தவர்கள் மூவர், உறுதி. அன்று பிற்பகலே இன்ஜினியர் வரைபடத்தை விரித்துப் புல்லைச் சுற்றி ஒரு வளைவு போட்டார். பதினொரு உண்மையான பசுக்களால் ஆகாத காரியம் அரை நாளில் முடிந்தது.

வேலை முடிந்ததும் நிதானம் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போனார். அது அங்கேயேதான் மிதந்துகொண்டிருந்தது. கறுப்புக் கேன். தூக்கிப் பார்த்தால் கழுத்தில் சிவப்பு வளையம்.

அதைக் கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் வைத்தார்.

“எங்க இருந்துச்சு?” என்று மனைவி கேட்டார்.

“கடல்ல.”

“கடல்ல எங்க?”

“புல்லுப் பக்கம்.”

தாயும் குட்டியும் வந்த செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த அம்மா கேனைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். “அப்போ அந்தப் பெரிய ஆபீசர் பாத்த தாயி?”

“இதுதான்.”

“குட்டி?”

“அது அவரோட சொந்தச் சரக்கு.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “மத்த பதினொண்ணு?”

“அதெல்லாம் நெஜம்.”

“சரி” என்றார். இது வேறு ‘சரி’. இரண்டு மாதமாக உண்மையைச் சொல்லிச் சொல்லி வாங்க முடியாத நம்பிக்கை, பொய்யை ஒப்புக்கொண்டதும் கிடைத்துவிட்டது. நிதானத்துக்குக் கண் கலங்கியது.

“நாளைக்கு மேடம்கிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்” என்றார். “நான் பொய் சொல்றவன் இல்லன்னு காட்டத்தானே படகையே வித்தேன்.”

“சொன்னா என்ன ஆகும்?”

“குழாய் நேராப் போகும். புல்லு மேல.”

மனைவி உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தார். கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சிவப்பு வளையத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். “நீங்க என்ன பொய் சொன்னீங்க? குட்டியைப் பாக்கலன்னு உள்ளதைத்தானே சொன்னீங்க? பாத்தேன்னு சொன்ன ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாங்க. நீங்களும் போய்ப் படுங்க.”

“பக்கத்து வீட்டம்மாகிட்ட மூணு நாளா சண்டை போட்டியே?”

“அதை நான் பாத்துக்கறேன்.” அதை அவர் பார்த்துக்கொள்ளவே இல்லை என்பது வேறு கதை.

மறுநாள் காலை நோட்டு மேடம் முன்னால் நிதானம் போய் நின்றார். “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார் மேடம். அவர் புல் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இல்ல மேடம்” என்றார். அவர் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

காற்று திரும்புவதற்கு ஐந்து நாள் முன்பு கடைசிக் குழாயும் இறங்கியது. திறப்பு விழாவில் பெரிய அதிகாரி, ஒரு தாய்க்கும் குட்டிக்கும் வழிவிட்டு வளைந்த குழாய் என்று முக்கால் மணி நேரம் உருகினார். குட்டி தன்னைத் திரும்பிப் பார்த்ததாகவும் சொன்னார். கூட்டம் கை தட்டியது. தீவில் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வு வேலை நிதானத்துக்குக் கிடைத்தது. சடாரென்று திறந்தால் குழாய்க்கு ஆகாதென்று அதையும் அவர் மெதுவாகத்தான் திறப்பார், பெண்கள் பழையபடி பல்லைக் கடிப்பார்கள்.

முதல் நாள் வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முற்றத்துக் குழாயில் துரு இல்லாத தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரோடு சேர்ந்து அவர் வீட்டுக்கும் அதே நேரத்தில் வந்த முதல் தண்ணீர். மனைவி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு நின்றிருந்தார். குழாயடியில் கழுத்து சுரண்டிய கறுப்புக் கேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அம்மா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானம் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிய குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“உங்க கடல்பசு ரொம்பிடுச்சு. தூக்கி உள்ள வைங்க.”