இடது கை மட்டும் புஸ்ஸென்று

ஆலை முதலாளியம்மா எதை உடுத்தினாலும் கொஞ்ச நாளில் தெருவே அதை உடுத்தும். தெரு உடுத்திவிட்டால் போச்சு, அம்மா அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார். இந்த ஓட்டப்பந்தயத்தில் இரண்டு பக்கத்துக்கும் தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள் நம் தையல்காரி. ஆள் குள்ளம், வாய் நீளம். ஆனால் யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்கு முதுகு கூன் என்பதெல்லாம் அந்த வாயிலிருந்து வரவே வராது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. முதலாளியம்மாவின் மகளுக்கு முதல் கவுன் தைத்தவள் அவள்தான். கல்யாண உடுப்பையும் தன் கையாலேயே தைத்துவிட வேண்டும். கல்யாணம் நெருங்கிய நேரம் பார்த்துத்தானா முதலாளியம்மாவுக்கு அக்குளில் கட்டி வர வேண்டும்! அதுவும் ஆலையில் விழா வைத்திருக்கும்போது.

"விழாவுக்குப் போடுற சட்டையில இடது கையை மட்டும் நல்லா புஸ்ஸுன்னு தைச்சிடு, உரசக் கூடாது. கட்டின்னு வெளிய தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேம்மா."

விழா முடிந்த மறுநாள் காலை, கடைக்குள் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் இடது கை புஸ்ஸென்று வேண்டுமாம்.

"ரெண்டு கையும் சமமா இருந்தாத்தான்டி அழகு," என்று கெஞ்சினாள்.

"ஏன்க்கா, பணக்காரங்க போட்டா அழகு, நாங்க போட்டா ஆகாதா?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. காரணத்தைச் சொல்லவும் வழியில்லை, மறுக்கவும் மனமில்லை. தைத்துத் தள்ளினாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தெரு முழுக்க இதே கையைப் பார்த்தால், கட்டி விஷயத்தை உளறிவிட்டாள் என்றுதான் அம்மா நினைப்பார்; கல்யாண உடுப்பு வேறு கடைக்குத்தான் போகும்.

முதலாளியம்மா ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். கார் நுழையாத சந்து. தண்ணீர்க் குழாயடி, காய்கறிக் கடை என்று எங்கு திரும்பினாலும் புஸ்ஸென்ற இடது கைகள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்து வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கட்டியைப் பத்திச் சொல்லிட்டியா?"

"சத்தியமா இல்லம்மா. சொல்லியிருந்தா ஒருத்தியும் கேட்டிருக்க மாட்டா."

அம்மா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"கட்டி ஆறிடுச்சு. நேத்து ரெண்டு கையும் சமமா போட்டுட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அந்தம்மா இடது கையைப் புஸ்ஸுன்னு வச்சிக்கிட்டு, 'என்ன, இன்னும் பழைய மாதிரியே போடுறீங்க'ன்னு என்னையே கேக்குறாங்க!" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பொண்ணுக்கு, சொந்தக்காரங்களுக்கு, எல்லாருக்கும் நீதான் தைக்கிற. இடது கை பெருசாவே இருக்கட்டும். எனக்கு மட்டும் வலது கை பெருசா. மூச்சு விடாத."

தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனைவரை போய் அம்மாவை வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள். எல்லாவற்றையும் கேட்டபடி மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் மெல்லத் தலையைச் சொறிந்தாள்.

"அண்ணி, என் புதுச் சட்டையை இன்னும் வெட்டலையே. அதுல வலது கையை..."

தையல்காரி கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கல்யாணம் முடியுற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்திக்கும் கிடையாது. முடிஞ்ச மறுநாள், முதல் சட்டை எனக்கு!"