அவர் ஏறினால் நிற்கும் ஏசி

கார் ஏசி மெக்கானிக் வாழ்க்கையில் வெயில்தான் முதலாளி. அவர் காய்ந்தால் எங்களுக்கு வேலை, அவர் அசந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சாரம் பகுதியில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர் வரும் வரும் என்று காத்திருந்து வெந்து போனவர்களில் நீங்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி

எங்கள் தொழிலில் முதல் கேள்வி ஒன்றுதான்: காற்றே வரவில்லையா, காற்று வந்து குளிர் வரவில்லையா? காற்றே இல்லை என்றால் உள்ளே காற்றை ஊதும் பிளோயரைப் பார்க்க வேண்டும். குளிர் இல்லை என்றால் முன்பக்கம் கேஸ், கம்ப்ரஸர் என்று போக வேண்டும். பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

ஆனால் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே மருந்து: கேஸ். கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து வந்த ஒருவருடைய வண்டியில், உப்புக்காற்று அரித்துக் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன தடவ வேற எடத்துல கேஸ் அடிச்சாங்க, நாலு நாளு ஜம்முனு இருந்துச்சி. எனக்கு அந்த நாலு நாளு மாதிரி பண்ணி உடுங்க, போதும்."

வாழைக்கன்று

ஆயுத பூஜைக்கு மறுநாள் டாக்ஸி ஓட்டும் தனசேகர் வந்தான். ஓடும்போது சுமாராகக் குளிர்கிறதாம், சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறதாம். கேஸ் மீட்டரை மாட்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, நடுவில் தொடை கனத்துக்கு ஒரு மாலை, அதற்கு மேல் சந்தனம். வண்டி மூச்சு விடுகிற இடமே அதுதான். மாலையை ஒரு ஓரமாக ஒதுக்கிக் காட்டினேன், சில்லென்று வந்தது. கன்றையும் அவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாழைய நாம எடுக்கக் கூடாதுண்ணே, அதுவா காஞ்சி உழுவணும். நீங்க ஏசியதான் எதுனா பண்ணணும்."

குருத்தோலை

அமலோற்பவம் அம்மாவை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கத்துக் கையும் காலும், பேச்சும் போய்விட்டன. இரண்டு மாதம் மதாம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். கார் வீட்டு வாசலில் உறை போட்டபடி கிடந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு காரை எடுத்தால் ஏசியில் காற்று இல்லை, நாற்றம்தான். பிளோயரைக் கழற்றினேன். எலிக்கூடு. குருத்தோலை ஞாயிறன்று மாதா கோவிலில் கொடுத்து, டாஷ்போர்டில் வைத்திருந்த ஓலையை நார் நாராகக் கிழித்து எலி மெத்தை போட்டிருந்தது. துடைத்து மாட்டும்போது பிளோயர் ஒயரின் பிளக்கைப் பிடித்து வைக்கிற சின்ன லாக் ஒன்று உடைந்தது. இறுகத்தானே நிற்கிறது என்று அழுத்திச் சொருகிவிட்டேன். ஓலைத் துணுக்குகளைக் காட்டினேன். பல வாரம் கழித்து அன்றுதான் மதாம் சிரித்தார்.

"பாவம், அதுவும் வேதக்கார எலி போல இருக்கு."

ஏசிக்கு ஆள் தெரியாது

இருபது நாள் கழித்து மதாம் திரும்பி வந்தார். ஏசி பாதி வழியில் நின்று போகிறதாம். அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்று வரும் இடத்தில் தெர்மாமீட்டர் சொருகிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அனுப்பிவிட்டேன். நாலு நாளில் மறுபடி வந்தார். மறுபடியும் ஒரு குறையும் இல்லை. தனியாக வரும்போது நன்றாக இருக்கிறது, அவர் ஏறினால்தான் நிற்கிறது என்றார் மதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏசிக்கு ஆள் தெரியாது மதாம் என்றேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் கூசுகிறது.

மதாம் சிரிக்கவில்லை. வாரம் மூன்று நாள், உச்சி வெயிலில், கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு சொல்தாவைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். இப்போது விட்டால் அந்தக் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏசி நின்றதும் அவருக்கு வியர்த்துக் கொட்டி மயக்கம் வருகிறதாம். கண்ணாடியை இறக்கினால் அனல். கத்துகிறார், நல்ல கையால் காலைக் காலைக் காட்டுகிறார். வலிக்கிறது போல என்று மதாம் வண்டியை ஓரம் கட்டித் தேய்த்துவிடுகிறார். இரண்டு தடவை பாதி வழியில் திரும்பியாகிவிட்டது. இப்போது கார் என்றாலே வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறாராம். இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு மதாம் சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஏசிக்கு ஆள் தெரியாதுதான் தம்பி. ஆனா அவரு ஏறுனாத்தான் நிக்குது."

பின் ஸீட்

அடுத்த பயிற்சி நாளன்று நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு நிலையிலிருந்து சொல்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முன் ஸீட்டில் உட்கார வைத்தோம். அந்தக் கால் மடங்காது. கட்டை போல நேராக நீட்டித்தான் வைக்க முடிந்தது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முதல் சிக்னல் தாண்டி ஒரு பள்ளம். சட்டென்று காற்று நின்றது. போனது குளிர் மட்டும் இல்லை, காற்றே. பதினெட்டு வருஷமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை மதாமிடம் நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்தா கத்த ஆரம்பித்தார், காலைக் காட்டினார். மதாம் ஓரம் கட்டித் தேய்க்கக் குனிந்தார். ஒரு நிமிஷம் இருங்க மதாம் என்று நான் இறங்கி, முன் கதவைத் திறந்து, ரோட்டில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டேன்.

அவருடைய பூட்ஸ் முனை டாஷ்போர்டு பெட்டிக்கு அடியில் பிளோயர் ஒயரை அழுத்திக்கொண்டிருந்தது. லாக் இல்லாத பிளக் பாதி வெளியே வந்திருந்தது. நான் உடைத்த லாக். அவர் கால் இறங்கினால் ஒயர் தளர்ந்து பிளக் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கடையில் ஒரு குறையும் தெரியவில்லை. காலை இரண்டு விரல் அளவு நகர்த்தி பிளக்கை அழுத்தினேன். குபுகுபுவென்று காற்று அவர் முகத்தில் அடித்தது.

தப்பு என்னுடையதுதான் மதாம், அவர் காலில் வலி இல்லை, இடத்தைத்தான் காட்டியிருக்கிறார் என்றேன். ஒயரைக் கால் எட்டாத உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். மதாம் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. அப்போது சொல்தா நல்ல கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். வாயைக் கோணி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு முதல் முறையாக முழுசாக ஒன்று சொன்னார்.

"எத்தினி... நாளா... சொல்றேன்."

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் காற்றா குளிரா என்று கேட்பதற்கு முன்னால் யார் யார் எங்கே உட்கார்ந்து வந்தீர்கள் என்று கேட்கிறேன், அவர்களும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதெல்லாம் எதுக்கு, கேஸ் அடிச்சி உடுங்க என்கிறார்கள்.