கோட்டுக்கு வெளியே ரஹீம்

மே 14. வழக்கம்போல் குளித்து, விசிலைக் கழுவிக்கொண்டு, கூடலூரில் பஸ் ஏறி ஓவேலியின் எஸ்டேட் மைதானத்துக்கு வந்திருக்கிறேன். சிறுவர் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு நான் வைக்கும் தேர்வு நடக்கிறது. இப்போது ரஹீமின் முறை. கூடலூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் பேர் வாங்கிய ஆட்டக்காரர். அவருக்குச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அவர் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் இறங்க முடியாது.

பிள்ளைகள் ஆடும்போது பயிற்சியாளர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ரஹீமோ உள்ளே ஓடி, ஒரு சிறுமியின் காலிலிருந்து பந்தைப் பறித்துக் கோல் அடிக்கிறார். கையை வேறு தூக்கிக் காட்டுகிறார்.

“ரஹீம், இது மூணாவது தடவை.”

“அவ அடிக்காம யோசிச்சுட்டே நிக்கிறா சார். பாத்துட்டு எப்படிங்க சும்மா நிக்கறது?”

“சும்மா நிக்கறதுக்குத்தாங்க இந்தச் சர்டிபிகேட்டே.”

“ரஹீம் மாஸ்டரையும் எங்க டீம்ல சேத்துக்கங்க சார்,” என்கிறாள் அந்தச் சிறுமி.

விசிலைக் கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது. நாளை கடைசி வாய்ப்பு என்று சொல்லிக் கிளம்புகிறேன்.

மறுநாள் முதல் வேலையாக மறுபடி மைதானம். ரஹீம் கோட்டுக்கு வெளியே செருப்போடு நிற்கிறார். அதே சிறுமி கோலுக்கு முன்னால் பந்தோடு யோசிக்கிறாள். ரஹீமின் வலது கால் காற்றை உதைக்கிறது. செருப்பு பறந்து மைதானத்தை ஒட்டிய தேயிலைச் செடிகளுக்குள் விழுகிறது. அவர் கோட்டைத் தாண்டவில்லை. தேர்ச்சி என்று எழுதுகிறேன்.