மீட்டரம்மாவோட வைக்கோல் தொப்பிகள்

"அண்ணி, இந்த வெயில்ல மனுஷி நடப்பாளா?"

வெயில் காலம் நாலு மாசமும் தினம் காலைல செருப்பு மாட்டும்போது என் நாத்தனார் புலம்புற புலம்பல் இது. சரி, நடக்காதேன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது. சொன்னா முறைப்பா. வீடு வீடாப் போய்த் தண்ணி மீட்டர் பார்த்து எழுதுற வேலை அவளுக்கு, இருபத்திரண்டு வருஷமா. வயசு அம்பத்தொண்ணு. கல்யாணமே வேணாம்னுட்டு எங்க மாடி ரூம்ல இருக்கா. தெருவுல எல்லாருக்கும் அவ மீட்டரம்மா. கோபம் வந்தா எனக்கும்.

அவகிட்ட முப்பத்தேழு வைக்கோல் தொப்பி இருந்துச்சு. எல்லாம் பழசு. புதுசு வாங்கவே மாட்டா. "புதுசெல்லாம் காகிதத்தை முறுக்கிச் செஞ்சது அண்ணி, ரெண்டு நாள் வேர்வைக்கே ஊறிடும்"பா. பழைய சாமான் கடை, வீடு காலி பண்றவங்க வாசல், மீட்டர் பார்க்கப் போற வீட்டு ஸ்டோர் ரூம், எங்கே கிடைச்சாலும் கேட்டு வாங்கிட்டு வந்துடுவா. உள்பக்கம் நெத்தியில படுற மாதிரி ஒரு தோல் பட்டை இருக்கும். அதுல அறுபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ வேர்த்த கறை அப்படியே இருக்கும். எனக்குக் குமட்டும். அவ மோந்து வேற பார்ப்பா.

பாதி தொப்பி நசுங்கித்தான் வரும். நீராவில காட்டி, மெத்துன்னு ஆனதும் ஏதாவது பாத்திரத்து மேல கவுத்துக் காயவிடணுமாம். யாரு பாத்திரம்? என் பாத்திரம்தான். சமைக்கலாம்னு போனா குண்டான் மேல ஒண்ணு, குக்கர் மேல ஒண்ணு, தண்ணிக் குடத்து மேல ஒண்ணுன்னு வரிசையா உட்கார்ந்திருக்கும்.

எங்க வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரெல்லாம் வந்திருக்காங்க?"ன்னு கேப்பார்.

"உன் வழுக்கைக்கும் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்ணா, தலையைக் காட்ட மாட்டேங்கிறியே"ம்பா தங்கச்சி.

இதுல கூத்து என்னன்னா, பழைய தொப்பியெல்லாம் சின்னது, அவ தலை பெருசு. முப்பத்தேழுல ஒழுங்காப் பொருந்துறது ஒன்பதுதான். மத்ததையும் விடாம அழுத்தி மாட்டிக்கிட்டுப் போயி, சாயங்காலம் நெத்தியைச் சுத்திச் சிவப்பா ஒரு கோட்டோட வருவா. ஏன்டி இந்தப் பாடுன்னு கேட்டா, "எல்லாத்துக்கும் முறை வரணும்ல அண்ணி"ன்னு பதில்.

போன வெயில் காலம் ஆரம்பத்துல சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். வேற ஏரியால எவனோ மீட்டர் பார்க்கிறவன்னு சொல்லிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள புகுந்துட்டானாம். அதனால இனிமே எல்லாரும் ஆபீஸ் தொப்பிதான் போடணும். நீல நைலான் தொப்பி, முன்னாடி பெருசா நம்பர்.

"என்னை அங்கே நாய்க்குக்கூடத் தெரியும் சார்."

"நாய்க்குத் தெரியும்மா. நேத்துக் குடிவந்தவங்களுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னதுலயும் தப்பில்லை. முடியாதுன்னா பில் பிரிவுல உட்காரலாம், அங்கே தலையில என்ன வேணா வச்சுக்கலாம்னுட்டார். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். நடை வேணும்னா தொப்பி போச்சு, தொப்பி வேணும்னா நடை போச்சு.

அந்த மூணு நாள் இருக்கே! கீழ வருவா, டம்ளர்ல தண்ணி எடுப்பா, பாதி குடிச்சு வச்சுட்டு மேல போவா. தொப்பியெல்லாம் கட்டில்ல பரப்புவா, திரும்ப ஆணியில மாட்டுவா. தடதடன்னு நடக்கிற சத்தம் என் மண்டைக்கு மேலயே.

"உட்கார்ந்து யோசியேன்டி!"

"உட்கார்ந்தா எனக்கு யோசனை வராது அண்ணி."

திங்கக்கிழமை பில் பிரிவுக்கே கிளம்பினா. இருக்கிறதிலயே நல்லதா, கறுப்பு ரிப்பன் கட்டினதை வச்சுக்கிட்டு. பன்னெண்டரைக்கு வாசல்ல நிக்கிறா.

"என்னடி, அதுக்குள்ள?"

"ஃபேனுக்குக் கீழ தொப்பி எதுக்குன்னு ஒருத்தி கேட்டா. நியாயமாத்தான் கேட்டா. காலைலேர்ந்து பதினோரு தடவை தண்ணி குடிக்க எழுந்துட்டேன். மேசைக்கு அடியில காலு ரெண்டும் தனியா நடக்குது அண்ணி."

மறுநாள் நீலத் தொப்பியோட தெருவுக்குப் போயிட்டா.

அப்புறம் வைக்கோல் தொப்பி போட அவளுக்கு ஞாயித்துக்கிழமைதான். உச்சி வெயில்ல கடைக்குன்னு போவா, ஒண்ணும் வாங்காம வருவா, வேற தொப்பி மாத்திக்கிட்டுத் திரும்பப் போவா. அப்படி எத்தனைதான் போட்டுட முடியும்? மீதியெல்லாம் ஆணியிலயே கிடந்துச்சு. பூச்சி வந்துடுமேன்னு நான் ஒரு நாள், மெத்தை காயப்போடுற மாதிரி, பதினஞ்சை எடுத்து மொட்டை மாடியில காயப்போட்டேன். வெயிலுக்குப் போடுற சாமான்தானே, வெயில்ல வச்சா என்ன ஆயிடும்? சாயங்காலம் உச்சியைப் பிடிச்சுத் தூக்கினேன், கையிலயே பிளந்துச்சு. பதறிப்போய் அடுத்ததைத் தூக்கினேன், அதுவும். மொத்தம் மூணு.

கத்துவான்னு பார்த்தேன். கத்தலை. துண்டையெல்லாம் பொறுக்கினா.

"தலையில இருந்தா வேர்வை ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் ஆகாது. சும்மா கிடந்து ஏற்கெனவே காஞ்சுபோச்சு அண்ணி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அன்னிக்கு அவ சாப்பிடலை. நானே தட்டை மாடிக்குக் கொண்டுபோய் வச்சேன். அது எனக்குப் பழக்கமே இல்லை.

மறுநாள் காலைல ஒண்ணைக் கொண்டுவந்து என் தலையில வச்சா. "கடைக்குப் போயிட்டு வாங்க."

"எவனோ செத்தவன் தொப்பி, எனக்கெதுக்குடி?"

"அவன் வந்து கேட்டா குடுத்துடலாம். போங்க."

போனேன். மூணு பேர் சிரிச்சாங்க. ஆனா தலை சுடலை, அதையும் சொல்லணும்.

அதுக்கப்புறம் பழம் விக்கிறவர், ஸ்கூல் வாசல்ல பிள்ளைங்களை ரோடு தாண்டவைக்கிற அம்மா, பெயின்டர்னு ஒவ்வொருத்தர் தலையிலயும் ஒண்ணு ஏறிடுச்சு. எல்லாம் இரவல்தான். தெருவுல யாரையாவது தொப்பியோட பார்த்தா நீலத் தொப்பிக்காரி ஓடிப்போய், "உச்சியைப் பிடிக்காதீங்க, விளிம்பைப் பிடிங்க!"ன்னு கத்துறா. பெயின்டர் காய்ச்சல்ல படுத்துட்டார்னு கேள்விப்பட்டு, "ஐயோ, தொப்பி?"ன்னு கேட்டவ அவ.

முப்பத்திநாலுல பதிமூணு வெளியே போயிடுச்சு. இருபத்தொண்ணு இன்னும் மாடியில தொங்குது. இந்த வருஷ வெயிலும் ஆரம்பிச்சாச்சு. வேலை விட்டு வந்ததும் ஒவ்வொண்ணையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறா, ஓரிடத்துல நிக்க மாட்டேங்கிறா, என்னையும் நிக்க விட மாட்டேங்கிறா. அதனாலதான் இதை எழுதுறேன். இதைப் படிக்கிற உங்க தலை சும்மாதானே இருக்கு? தண்ணி டாங்குக்குப் பின்னாடி பச்சை கேட், வெளிப்பக்கமா மாடிப்படி. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல இருப்பா. கீழ என்னைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்காதீங்க, எனக்கு வேலை இருக்கு. நேரா மேல ஏறிப் போய் அவளைப் பாருங்க.