கரண்ட் போனால் மட்டும்

தொண்ணூறுகளில், டாக்குரியா என்ற பேட்டையில் எங்கள் ஹார்ட் ராக் குழு வாயை மூடுவது கரண்ட் போனால் மட்டும்தான். கீழ்வீட்டு வங்கி அதிகாரி மாமா அதற்காகவே மின்வெட்டை விரும்பினார். அப்போதுதான் எங்கள் கிட்டார்காரனுக்குப் புத்தி பேதலித்தது. புது ஆல்பத்தின் கருவே மின்வெட்டு என்றான். கரண்ட் இல்லாதபோது மட்டுமே வாசிக்க வேண்டும், ஒரு பல்பு எரிந்தாலும் நிறுத்த வேண்டும் என்று சட்டமும் போட்டான். மின்வெட்டு வந்ததும் நான் வாளியையும் தாம்பாளத்தையும் விளாசுவேன், அவன் ஊளையிடுவான், பேட்டரி டேப்ரெக்கார்டர் பதிவு செய்யும். சண்டைக்கு வந்த மாமாவிடமும் அந்தச் சட்டத்தைப் பெருமையாக விளக்கினான், மடையன்.

மறுவாரம், மூன்றாவது பாட்டின் நடுவில், மாமா நீளமான ஒயரோடு மாடியேறி வந்தார். அதன் முனையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இன்வெர்ட்டர் வாங்கிட்டேன்பா. சட்டப்படி இப்ப நிறுத்தணும் இல்லியா?"

நிறுத்தினோம். அந்த ஆல்பத்தில் இன்றுவரை இரண்டரைப் பாட்டுதான்.