பொன்மலையில் ஒரு நோவாவின் பிள்ளை

பொன்மலைப் பட்டறையில் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பிரிவில் சகாயநாதன் ஃபிட்டராக இருந்தார். 1950-ல் ஒருநாள், மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றின் பலகை இருக்கையைக் கழற்றியபோது, அடியில் செருகிக் கிடந்த வேதப்புத்தகம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அட்டை இல்லை, பெயரும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறந்ததிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் பிரசங்கத்தில் காதால் கேட்டதைத் தவிர, தானாக ஒரு பக்கமும் படித்ததில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். பழைய ஏற்பாட்டைத் தாண்டவே மூன்று வருஷம் ஆயிற்று. கடவுள் ஒருவர், அவருக்கு உருவமில்லை, அவருக்கு நிகராக எதையும் வைக்காதே என்று அந்தப் பக்கங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அவரைப் பிடித்துக்கொண்டது. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்.

“சாமி, இயேசு சாமி யாரப் பாத்து ஜெபம் பண்ணாரு?”

“பிதாவ.”

“அப்ப நானும் பிதாவ மட்டும் பாத்துப் பண்ணினா பத்தாதா?”

சாமியார் கோபப்படவில்லை. “இதெல்லாம் நம்ம புத்திக்கு எட்டாதுங்க. செபமாலையை விடாம சொல்லிட்டு வாங்க” என்றார். அன்று மாலை செபமாலை சொல்லும்போது சகாயநாதனின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. மனைவி வியாகுலம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அடுத்த வருஷம் இரண்டு மாத வேலையாக அவரைக் கொச்சிக்கு அனுப்பினார்கள். மட்டாஞ்சேரியில் புத்தகம் பைண்டு செய்யும் கடை ஒன்றைப் பார்த்து, தன் புத்தகத்துக்கு அட்டை போடக் கொடுத்தார். கடைக்காரர் எலியாஸ் ஒரு யூதர். புரட்டிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், “இதில் முன்பாதிதான் எங்களுடையது” என்றார். சகாயநாதன் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உங்க மார்க்கத்துல சேர நான் என்ன செய்யணும்?”

“சேர வேண்டாம்” என்றார் எலியாஸ். உலகத்தை அழித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, பிழைத்த நோவாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கடவுள் விதித்தது ஏழு கட்டளை. யூதர் அல்லாதவர்களுக்கு அது போதும் என்றார். விக்கிரகம் கூடாது, கடவுளைப் பழிக்கக் கூடாது, கொலை, களவு, முறைதவறிய உறவு கூடாது, உயிரோடிருக்கும் பிராணியின் சதையை அறுத்துத் தின்னக் கூடாது, நியாயம் விசாரிக்கும் இடம் ஊரில் இருக்க வேண்டும். “நீ இருக்கிற ஊரிலேயே இதைச் செய்யலாம்.”

“கூட யாரு இருப்பா?”

எலியாஸ் அட்டை போட்டு முடித்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

திருச்சிக்குத் திரும்பியதும் சகாயநாதன் செய்த முதல் காரியம், அந்தப் புத்தகத்தை ஜங்ஷனுக்கு எடுத்துப்போய், பயணிகள் தவறவிட்ட பொருள்களை வாங்கி வைக்கும் குமாஸ்தாவிடம் நீட்டியது. எப்போது கிடைத்தது என்று குமாஸ்தா கேட்டார். நாலு வருஷம் ஆச்சு என்றதும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்களே வச்சுக்குங்க” என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகுதான் அதைத் தன்னுடையது என்று நினைக்க அவருக்கு மனம் வந்தது.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கறுப்புச்சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று ரயில்வே காலனியில் பேச்சு. பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் இரண்டு முறை வீடு தேடி வந்தார்கள். பக்கத்தில் வேலை பார்த்த அழகர்சாமி நேரடியாகவே கேட்டார். “கடவுள் இல்லேங்குறீங்களாமே?”

“இல்லங்க. ஒருத்தர்தான் இருக்காருங்குறேன்.”

“அத எல்லாருந்தானே சொல்றோம்” என்றபடி அழகர்சாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளைக் கழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெருவே வெள்ளை வேட்டியும் முக்காடுமாகக் கோயிலுக்குப் போகும். அவர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கி, வடக்கே கொள்ளிடக் கரைக்கு நடந்துவிடுவார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. மணலில் உட்கார்ந்து தாவீதின் பாட்டுகளை மெல்ல வாய்விட்டுப் படிப்பார். கூடச் சொல்ல ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பார். பட்டறையில் ஆயிரம் பேருக்கு நடுவில் வேலை செய்தபோதும் அந்த நினைப்பு போகவில்லை.

1955-ல் எலியாஸ் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. அப்புறம் வரவில்லை. சகாயநாதன் மட்டும் வருஷத்துக்கு ஒன்று எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. முன்னறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன் மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. படம் அடுப்படிக்குப் போயிருந்தது. “புகை படும்ல?” என்றார். “பட்டா துடைச்சுக்கிறேன்” என்றாள் வியாகுலம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

1961-ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ரங்கசாமி என்ற பள்ளி வாத்தியார் வந்தார். பேர், வயது எல்லாம் எழுதிவிட்டு, “கிறிஸ்தவர்தானே?” என்றார்.

“இல்லங்க.”

“இந்துவா?”

“இல்லங்க. நோவாவோட பிள்ளைன்னு எழுதிக்குங்க.”

வாத்தியார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “நோவாங்குறது உங்க அப்பா பேருங்களா?”

அடுப்படியிலிருந்து வியாகுலம்மாளின் குரல் வந்தது. “அவர் சொல்றத எழுதிக்குங்க சார். என் பேருக்கு மட்டும் கிறிஸ்தவம்னு போடுங்க.”

வாத்தியார் எதையோ எழுதிக்கொண்டு போனார். என்ன எழுதினார் என்று சகாயநாதன் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஏழு வருஷத்தில் தன்னை இன்னான் என்று இன்னொரு மனிதரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. வெகுநேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

1966-ல் நிமோனியா கண்டு ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்றார்கள். வியாகுலம்மாள் பயந்துபோய்ச் சாமியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அவர், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதலுக்கான எண்ணெயோடு வந்து கட்டிலருகே நின்றார். சகாயநாதனுக்குக் காது கேட்டது, நாக்கு எழவில்லை.

“சாமியார் வரணும்னு அவர் கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். நம்ம கல்லறையிலேயே வைக்கலாம், நாளைக்கு உங்களுக்கும் பக்கத்துலயே இடம் இருக்கும்” என்றார் சாமியார் வியாகுலம்மாளிடம்.

அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் எண்ணெய் பூசிவிடுவார். சகாயநாதன் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

“இல்ல சாமி” என்றாள். “அவர் கேக்கல. நாந்தான் கூப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவள் கையைத் தொட நினைத்தார். விரல் அசையவில்லை. அவருடைய கண்ணோரம் ஈரமானதைக் கண்டு அவள் முந்தானையால் துடைத்தாள்.

அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு அவரோடு கொள்ளிடத்துக்கு வருவாள். அவர் படிக்கும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூடச் சொன்னதில்லை. அவரும் சொல்லச் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலத்தில் இறந்துபோனார். நகராட்சி இடுகாட்டில், சிலுவை இல்லாமல், பேரை மட்டும் பொறித்த கல் ஒன்றை வியாகுலம்மாள் நட்டாள். பட்டறையிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். என்ன சொல்லி மண் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு, ஒவ்வொரு பிடி போட்டார்கள்.